பொல்லாத பெண்களும் டம் டம் தட்டுகளும்: குன்னூர் பேக்கரி மாடியில் சனிக்கிழமை மாலை

குன்னூரில் சனிக்கிழமை சாயங்காலம் எங்கே போகலாம் என்று கேட்பவர்களுக்கு நான் இப்போது ஒரே இடத்தைத்தான் சொல்கிறேன். பெட்ஃபோர்டிலிருந்து சிம்ஸ் பார்க் பக்கம் ஏறும் ரோட்டில் ஒரு பழைய பேக்கரி, அதன் மாடி. பெயர்ப்பலகை கிடையாது. ஊரில் எல்லோருக்கும் அது 'பேக்கரி மாடி'தான். பகலில் சாதாரண டீ, காபி, சாண்ட்விச் கடை. சனிக்கிழமை ஆறு மணிக்கு மேல் மேசைகளை ஓரம் ஒதுக்கிவிட்டு இசைத்தட்டு போடுகிறார்கள். மாதத்துக்கு ஒரு தலைப்பு. இந்த மாதத் தலைப்பைக் கீழே பேக்கரிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறார்கள்: 'பொல்லாத பெண்கள்'. 1950களிலிருந்து 1980 வரை வந்த ஆங்கில பாப், ராக், கன்ட்ரி (அமெரிக்க நாட்டுப்புறப் பாணி) பாட்டுகளில் வருகிற ஏமாற்றுக்காரி, மயக்குகிறவள், சூனியக்காரி, கட்டினவனை விட்டுவிட்டுப் போகிறவள், இவர்கள் எல்லோரும்.

தலைப்பைப் பார்த்ததுமே என் தோழிகள் சிலர் முகம் சுளித்தார்கள். "பொம்பளையைத் திட்டுற பாட்டைக் காசு குடுத்து உக்காந்து கேக்கணுமா?" என்றார்கள். அவர்களுக்காகத்தான் இதை விவரமாக எழுதுகிறேன். போய்க் கேளுங்கள். அங்கே திட்டு மட்டும் ஒலிக்கவில்லை. திட்டு வாங்கியவள் திருப்பிச் சொன்னதும் அடுத்த தட்டிலேயே வருகிறது. நம் பக்கத்தில் வயல்வேலையிலும் மலைத்தோட்டத்திலும் எசப்பாட்டு என்று ஒன்று உண்டே, ஆண் ஒரு அடி எடுத்துவிட்டால் பெண் மறு அடியில் அவன் வாயை அடைப்பாளே, அதுபோல அடுக்கியிருக்கிறார்கள். இந்த அடுக்குக்காகவே அந்த இடத்துக்கு நான் முழு மதிப்பெண் போடுகிறேன். ஒரே ஒரு பாட்டு விஷயத்தில் எனக்கு மனவருத்தம் உண்டு, அதையும் சொல்கிறேன்.

முதலில் ஒலி. கருவி டெக்னிக்ஸ் எஸ்.எல்.1200 வரிசை டர்ன்டேபிள். 1972இல் தொடங்கிய வரிசை அது. பெல்ட் இல்லாமல் மோட்டாரே நேரடியாகத் தட்டைச் சுற்றும். ஸ்பீக்கர்கள் மரப்பெட்டியில் செய்த பெரிய பழைய ஜோடி, சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி வைத்திருக்கிறார்கள். அதனால் பேஸ் என்கிற அடித்தள ஒலி முட்டிக்கொண்டு வரவில்லை, பாடுகிறவரின் மூச்சு வரை கேட்கிறது. மாடி முழுக்க மரத்தளம். யாராவது கனமாக நடந்தால் ஊசி குதிக்கும் என்று பயந்தேன். டர்ன்டேபிளைத் தரையில் வைக்காமல் சுவரில் அடித்த கல் பலகையில் ஏற்றியிருப்பதால் அந்தத் தொல்லை இல்லை.

தட்டுகள் பெரும்பாலும் இந்த மலையிலேயே கிடைத்தவை. தோட்ட மேனேஜர்கள் பங்களாவைக் காலி செய்தபோது விட்டுப்போனவை, வெலிங்டன் பக்கம் ஓய்வுபெற்ற ராணுவக் குடும்பங்களும் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களும் கொடுத்தவை. நிறைய தட்டில் நாய்க்குட்டி படமும், லேபிள் ஓரத்தில் பொடி எழுத்தில் டம் டம் என்றும் இருக்கும். கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனியின் தொழிற்சாலை இருந்த இடம் அது. இந்த ஊர் ஈரத்தில் தட்டு பிழைப்பதே பெரிய காரியம். உறை முதலில் உப்பும், பிறகு பள்ளத்துக்குள் வெள்ளைப் பொட்டு பொட்டாகப் பூஞ்சை பூக்கும்.

தட்டு போடுகிற தங்கச்சி (கடையை நடத்துவதும் அவள்தான், முப்பது வயதுக்குள் இருக்கும்) ஒவ்வொன்றையும் எப்படிக் கையாளுகிறாள் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். உறையிலிருந்து எடுக்கும்போது விரல் நுனி பள்ளத்தில் படவே படாது. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே விளிம்பை மட்டும் பிடித்து, மேசை விளக்குக்குச் சாய்த்து, ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பாள். பொட்டு தெரிந்தால் காய்ச்சி வடித்த தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடைப்பாள், குறுக்கே இழுக்க மாட்டாள். பிறகு உலர்ந்த துணி, அதன் பிறகு பிரஷ். ஊசி நுனியில் ஒட்டியிருக்கும் தூசியைப் பின்னாலிருந்து முன்னால் ஒரே தடவை தட்டிவிடுவாள். அதன் பிறகுதான் ஊசி இறங்கும். இத்தனைக்கும் நேரம் ஆகும்தான். அந்த இடைவெளியில் பாட்டைப் பற்றி நாலு வார்த்தை சொல்வாள். எனக்கு அந்த நாலு வார்த்தையும் பாட்டளவுக்குப் பிடித்திருந்தது.

நான் போன அன்று முதல் தட்டு ஃபிராங்கி லேனின் 'ஜெசபெல்', 1951. தமிழ் வேதாகமத்தில் யேசபேல். ராஜாவின் மனைவி, ஜன்னலிலிருந்து தள்ளிக் கொல்லப்பட்டவள், சாவு வருகிறது என்று தெரிந்தும் கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டு நின்றவள். பாட்டில் இந்தக் கதை எதுவும் இல்லை. தன்னை வதைத்த ஒருத்தியை ஒருவன் அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கத்துகிறான், அவ்வளவுதான். குரல் என்னவோ கூரையைப் பிய்க்கிறது. தொடக்கத்துக்கு ஏற்ற பாட்டு: பெயரும் பழியும் மட்டும் இருக்கிறது, பெண் இல்லை.

அடுத்து வந்த ஜோடிக்காகவே நான் இன்னொரு தடவை போவேன். 1952இல் ஹாங்க் தாம்சன் என்ற கன்ட்ரி பாடகர் 'தி வைல்ட் சைட் ஆஃப் லைஃப்' பாடினார். கட்டினவள் வீட்டை விட்டு மதுக்கடை வெளிச்சத்துக்கே திரும்பிப் போய்விட்டாள், கடவுள் அவளைப் படைத்ததே அதற்காகத்தான் என்று ஒரு ஆண் புலம்புகிற பாட்டு. வாரக்கணக்கில் முதலிடத்தில் இருந்தது. அதே ஆண்டு கிட்டி வெல்ஸ் அதே மெட்டில் பதில் சொன்னார். கடவுள் அவளை அப்படிப் படைக்கவில்லை, கல்யாணமான பிறகும் தங்களைத் தனியாள் என்று நினைத்துக்கொண்டு திரிகிற ஆண்கள்தான் அவளை அங்கே தள்ளினார்கள் என்பது பதில். பாட்டை எழுதியவர் ஜே.டி. மில்லர் என்ற ஆண். கிட்டி வெல்ஸ் பாட்டுத் தொழிலை விட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரம். 125 டாலர் கிடைக்கும் என்றுதான் பதிவுக்குப் போனாராம். என்.பி.சி. வானொலி அதை ஒலிபரப்ப மறுத்தது. அப்படியும் அது அமெரிக்க கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தது. தனியாகப் பாடி அந்த இடத்துக்கு வந்த முதல் பெண் அவர்தான்.

இந்தத் தகவல் எங்கேயும் படிக்கக் கிடைக்கும். ஆனால் இரண்டு தட்டையும் அடுத்தடுத்துக் கேட்டால்தான் தெரிகிற ஒன்று உண்டு. மெட்டு ஒன்றே என்பதால் இரண்டாவது தொடங்கியதும் காது தானாக முதல் பாட்டின் வரிகளைத் தேடுகிறது. அந்த இடத்தில் அவனுடைய வார்த்தைக்குப் பதிலாக இவளுடைய வார்த்தை வந்து உட்காருகிறது. கிட்டி வெல்ஸ் குரலை உயர்த்தவே இல்லை. அடுப்படியில் நின்றபடி பேசுகிற தொனி. மாடியில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

இங்கே என் அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. எங்கள் குடும்பம் இலங்கையில் நுவரெலியாப் பக்கத்திலிருந்து வந்தது. தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்ப 1964இல் போட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி கப்பல் ஏறிய ஆயிரக்கணக்கான குடும்பங்களில் ஒன்று. அப்பாவுக்கு இலங்கை வானொலியின் ஆங்கில சேவை உயிர். ஜிம் ரீவ்ஸும் கிளிஃப் ரிச்சர்டும் எங்கள் லயத்துக்குள் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) வந்தது அந்த டிரான்சிஸ்டர் வழியாகத்தான். அம்மா கொழுந்து பறித்தவர். நிறுவைக்குக் கூடையை வைக்கும்போது ஈரத்துக்கு என்று கிலோ கழிப்பார்கள். மழை இல்லாத நாளில் எந்த ஈரத்துக்குக் கழிக்கிறீர்கள் என்று அம்மா ஒரு நாள் கேட்டார். அன்றிலிருந்து அந்தத் தோட்டத்தில் அவர் பெயர் வாயாடி. சாகும்வரை அந்தப் பெயர் போகவில்லை. அவர் கேட்ட கேள்விக்குப் பதிலும் வரவில்லை. பாட்டில் ஒருத்தியைப் பொல்லாதவள் என்று சொன்னால் அவள் என்ன கேட்டாள் என்று தேடுகிற பழக்கம் எனக்கு அங்கிருந்து வந்தது.

மாலையின் நடுப்பகுதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சூனியக்காரி வரிசை: பீட்டர் கிரீன் எழுதி ஃபிளீட்வுட் மேக் 1968இல் வெளியிட்ட 'பிளாக் மேஜிக் உமன்', அதையே 1970இல் சான்டானா வாசித்தது, 1976இல் கிளிஃப் ரிச்சர்டின் 'டெவில் உமன்'. சான்டானாவின் கிட்டாருக்காக முதல் இரண்டையும் பொறுத்துக்கொள்ளலாம். கிளிஃப் ரிச்சர்ட் லக்னோவில் 1940இல் பிறந்தவர் என்பதைத் தங்கச்சி சொன்னதும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. அந்தப் பாட்டை எழுதிய இருவரில் ஒருவர் பெண் என்பது எனக்குப் புதிய செய்தி. மந்திரக்காரிப் பாட்டுகளில் எல்லாம் ஒரே கணக்குதான்: ஆசைப்பட்டது இவன், அதற்கு மருந்து வைத்தவள் என்று பெயர் வாங்கியது அவள். நம் கிராமங்களில் இந்தப் பழி பாட்டோடு நிற்காமல் பெண்களை ஊரை விட்டே துரத்தியிருக்கிறது.

பக்கத்து மேசையில் கல்லூரிப் பையன்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவன், "அக்கா, இதெல்லாம் நம்ம சூப் சாங்தானே?" என்று கேட்டான். காதலில் தோற்றவன் பெண்ணைத் திட்டிப் புலம்புகிற பாட்டுக்குப் பையன்கள் வைத்த பெயர் அது. சரியாகப் பிடித்தான். 2011இல் ஊரெல்லாம் பாடிய கொலவெறிப் பாட்டும் அந்தக் குடும்பம்தான். சினிமாவுக்கு முன்பும் நம்மிடம் இது உண்டு. பெண்ணுடலை அருவருப்பாகப் பாடிய பட்டினத்தார், தாயின் சிதைக்கு முன் நின்று பாடியதைப் படித்தால் கல்லும் கரையும். இரண்டும் ஒரே மனிதர். பெற்றவள் தெய்வம், மற்றவள் பேய். இந்தக் கோடு கடல் கடந்த பாட்டுகளிலும் அப்படியே ஓடுகிறது.

பிறகு 'ஹவுண்ட் டாக்'. எல்விஸ் பிரெஸ்லி 1956இல் பாடியதைக் கேட்காதவர் இருக்க முடியாது. முதலில் அதைப் பாடியவர் பிக் மாமா தார்ன்டன் என்ற கறுப்பினப் பெண். பதிவு 1952, வெளியீடு 1953. ஜெர்ரி லீபர், மைக் ஸ்டோலர் என்ற இரண்டு பத்தொன்பது வயதுப் பையன்கள் அவருக்காகவே எழுதிக்கொடுத்தது. வீட்டில் ஒட்டிக்கொண்டு தின்கிற ஆணை ஒருத்தி வாசலுக்கு வெளியே நிறுத்துகிற பாட்டு அது. எல்விஸிடம் வருவதற்குள் வரிகள் மாறி, அது ஏதோ உதவாக்கரை நாயைப் பற்றிய துள்ளல் பாட்டாகிவிட்டது. தார்ன்டன் பாடும்போது நடுவில் கிட்டாரைப் பார்த்துப் பேசுகிறார், உறுமுகிறார், கடைசியில் வாத்தியக்காரர்கள் நாயாக ஊளையிடுகிறார்கள். அவ்வளவு உரிமை அந்தக் குரலில். தனக்கு அதில் கிடைத்தது 500 டாலர் செக் ஒன்றுதான் என்று அவர் பின்னாளில் சொன்னார். அன்று முழுக்கப் போட்டதில் எனக்கு மிகப் பிடித்த தட்டு இதுதான். சிவகாசி வெடிக்கட்டை மூடிய அறைக்குள் கொளுத்திப்போட்ட மாதிரி இருந்தது.

போனி எம்மின் 'மா பேக்கர்' (1977) வந்தபோது நாற்காலிகள் எல்லாம் நகர்ந்தன. நாங்கள் கல்யாண வீடுகளில் ஆடிய பாட்டு. துனீசிய நாட்டுப்புற மெட்டு ஒன்றின் மேல் கட்டியது. ஆண் குரல் மேடையில் ஆடிய பாபி ஃபேரலுடையது அல்ல, தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபேரியனுடையது. பாட்டில் மா பேக்கர் பிள்ளைகளோடு கொள்ளையடிக்கிற ராட்சசி. அதற்குப் பின்னால் இருந்தவர் கேட் பார்க்கர் என்ற நிஜப் பெண். 1935 ஜனவரியில் ஃபுளோரிடாவில் எஃப்.பி.ஐ. நடத்திய துப்பாக்கிச் சண்டையில் மகனோடு செத்தவர். கும்பலுக்கே மூளை அவள்தான் என்று சொல்லிப் பரப்பியவர் எஃப்.பி.ஐ. தலைவர் எட்கர் ஹூவர். அந்தக் கும்பலில் இருந்த ஆல்வின் கார்ப்பிஸ் பிறகு எழுதியது வேறு: அந்த அம்மாவுக்குத் திட்டம் போடவெல்லாம் தெரியாது. வயதான ஒரு தாயைச் சுட்டுவிட்டோம் என்பதைவிடக் கொள்ளைக்கூட்டத் தலைவியைச் சுட்டோம் என்பது சொல்ல எளிது. தங்கச்சி இதைச் சொல்லிவிட்டுத்தான் தட்டைப் போட்டாள். எல்லோரும் ஆடினார்கள், நானும் ஆடினேன். ஆட்டத்தை நிறுத்தாமல் செய்தியையும் சொல்ல முடியும் என்று காட்டிய நேரம் அது.

கென்னி ராஜர்ஸ் இல்லாமல் இந்த மலையில் பாட்டுக் கச்சேரி கிடையாது. முதலில் 'லூசில்', 1977. பசியோடு இருக்கும் நாலு பிள்ளைகளையும் அறுவடைக்கு நிற்கும் வயலையும் விட்டுவிட்டு மதுக்கடையில் வந்து உட்கார்ந்தவள். பெரிய ஆகிருதியோடு புருஷன் உள்ளே வருகிறான், அடிக்கப் போகிறான் என்று நினைக்கிறோம், அவன் கலங்கி நின்று கேட்கிறான். பாட்டின் சாமர்த்தியம் அங்கே இருக்கிறது. ஆனால் லூசில் ஏன் வந்தாள் என்று அவளே இரண்டு வரி சொல்கிறாள். வேறு வாழ்க்கை தேடி வந்ததாகச் சொல்கிறாள். அந்த இரண்டு வரிக்காக இந்தப் பாட்டை மன்னிக்கிறேன்.

அடுத்தது 'ரூபி'. மெல் டில்லிஸ் எழுதியது, 1969இல் கென்னி ராஜர்ஸும் ஃபர்ஸ்ட் எடிஷன் குழுவும் பாடியது. போரில் கால் செயலிழந்து படுக்கையில் கிடக்கும் சிப்பாய். சாயங்காலம் மனைவி தலையைச் சிங்காரித்து உதட்டுக்குச் சாயம் போடுவதைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறான். ஊருக்குள் போகாதே என்று கெஞ்சுகிறான். கதவு சாத்தப்படுகிறது. எழுந்து நடக்க முடிந்தால் துப்பாக்கியை எடுப்பேன் என்கிறான். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் வந்த பாட்டு.

வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டர் இருப்பதால் குன்னூரில் எந்தக் கூட்டத்திலும் ஒரு பழைய ராணுவக்காரர் இருப்பார். அன்று முன்வரிசையில் ஒரு சுபேதார் ஐயா இருந்தார். பாட்டு முடிந்ததும் யாரும் பேசவில்லை. அவர்தான் முதலில் வாயைத் திறந்தார்: "இவனைக் குளிப்பாட்டி, தூக்கி, திருப்பிப் படுக்க வெச்சு எத்தனை வருஷம் பாத்திருப்பா அந்தப் பொண்ணு. அதைப் பத்தி ஒரு வரி வருதா பாருங்க. வராது." சொல்லும்போது குரல் கட்டிக்கொண்டது. வெல்ஃபேர் சென்டரில் அப்படிப்பட்ட மனைவிமாரைப் பார்த்திருப்பதாகச் சொன்னார். காலை ஐந்து மணிக்கு எழுந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, கணவனுக்குப் புண் கட்டி, பிறகு வேலைக்கும் போகிறவர்கள். சாயங்காலம் ஒரு பொட்டு வைத்தால் ஊர் பேசும். படுத்துக் கிடப்பவனின் வலியும் பொய் இல்லை, ரூபியின் களைப்பும் பொய் இல்லை. இரண்டில் ஒன்றுக்குத்தான் பாட்டு கிடைத்திருக்கிறது.

இப்போது என் மனவருத்தம். டாம் ஜோன்ஸின் 'டிலைலா', 1968. இதற்கு மட்டும் முன்னுரை இல்லை. விளக்கைக் கூட்டி, எல்லோரும் சேர்ந்து பாடலாம் என்று அறிவித்துவிட்டார்கள். சுற்றுலா வந்த குடும்பங்கள் கை கோத்து ஆடிக்கொண்டே பாடின. ஜன்னலில் தெரியும் நிழலைப் பார்த்து ராத்திரி முழுக்க வெளியே காத்திருந்து, விடிந்ததும் கதவைத் தட்டி, அவள் சிரித்ததும் கத்தியால் குத்துகிறவன் பாடுகிற பாட்டு அது. அந்த உச்சத்தைத்தான் கூட்டம் கை தட்டிப் பாடியது. பள்ளிக்கூட வேதபாட வகுப்பில் நான் படித்த தெலீலாள் வேறு. நியாயாதிபதிகள் 16ஆம் அதிகாரத்தில் பெலிஸ்தர் அதிபதிகள் ஆளுக்கு 1100 வெள்ளிக்காசு தருவதாகப் பேசி அவளைப் பிடிக்கிறார்கள். சிம்சோனின் தலைமயிர் போகிறது, கண் போகிறது. தெலீலாளை யாரும் கொல்லவில்லை. அதன் பிறகு அவள் என்ன ஆனாள் என்ற பேச்சே இல்லை. அவளைக் கொன்றது பாட்டுதான்.

வேல்ஸ் நாட்டில் ரக்பி ஆட்டத்துக்குக் கூடும் பல்லாயிரம் பேர் இதைப் பாடி வளர்ந்தவர்கள். அங்கேயே 2023இல் ரக்பி யூனியன் தன் மைதானத்தில் பாடகர் குழுக்கள் இதைப் பாட வேண்டாம் என்று நிறுத்தியது. அதற்காக இந்த மாடியிலும் பாட்டைத் தடை செய்யச் சொல்லவில்லை. டாம் ஜோன்ஸின் குரலும் அந்தப் பித்தளை வாத்தியங்களும் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். ஆனால் மற்ற எல்லாப் பாட்டுக்கும் எசப்பாட்டு தேடி வைத்த இடம், ஒருத்தி குத்துப்பட்டுச் சாகிற பாட்டை மட்டும் பதிலே இல்லாமல் கும்மாளமாக விட்டுவிட்டது சரியில்லை. பீட்டில்ஸின் 'ரன் ஃபார் யுவர் லைஃப்' (1965) போட்டபோது, வேறு ஆளோடு பார்த்தால் கொல்வேன் என்று மிரட்டும் அந்தப் பாட்டைத் தனக்கே பிடிக்காது என்று அதை எழுதிய ஜான் லெனன் பிறகு சொன்னதை நினைவாகச் சொன்னார்களே. அதே நாலு வார்த்தை இதற்கும் வேண்டும். கிளம்பும்போது தங்கச்சியிடம் நேராகச் சொன்னேன். "சீசன்ல வர்றவங்க அதைத்தான் கேக்கறாங்க அக்கா. ஆனா நீங்க சொல்றது சரி, முன்னாடி பேசிட்டுப் போடறேன்" என்றாள். சொன்னபடி செய்வாள் என்று நம்புகிறேன்.

டாலி பார்ட்டனின் 'ஜோலீன்' (1973) வந்தபோது தோழிகளை நினைத்துக்கொண்டேன். இங்கே பொல்லாதவளைப் பற்றிப் பாடுவதும் பெண். என் ஆளை எடுத்துக்கொள்ளாதே என்று இன்னொருத்தியிடம் கெஞ்சுகிறாள். திட்டு ஒன்றும் இல்லை. அவளுடைய முடியையும் நிறத்தையும் சிரிப்பையும் வர்ணிக்கிற அழகில் பாதிப் பாட்டு போய்விடுகிறது. இரண்டு பேருக்கும் நடுவில் நிற்கிற ஆள் மட்டும் வாயே திறப்பதில்லை. அவனிடம் கேட்க வேண்டியதை ஜோலீனிடம் கேட்கிறாளே என்று எனக்கு ஆற்றாமைதான். ஆனாலும் அந்தக் கிட்டார் தொடங்கினால் கை தாளம் போடாமல் இருக்காது.

கடைசி ஜோடி 'ரெஸ்பெக்ட்'. ஓட்டிஸ் ரெடிங் 1965இல் எழுதிப் பாடியபோது, உழைத்துக் களைத்து வீட்டுக்கு வருகிற ஆண் மனைவியிடம் மரியாதை கேட்கிற பாட்டு. 1967இல் அரேத்தா ஃபிராங்க்ளின் அதை எடுத்துத் திருப்பிவிட்டார். எழுத்துக் கூட்டிச் சொல்கிற அந்தப் புகழ்பெற்ற இடம் ஓட்டிஸ் பாட்டில் கிடையவே கிடையாது. பியானோவும் பின்னணிக் குரல்களும் சேர்ந்துகொள்ள, அதே பாட்டு கேட்பவளின் பாட்டாகிவிட்டது. இரண்டையும் ஒரே ஒலி அளவில் வைத்துப் போட்டார்கள், அந்தக் கவனத்துக்கு என் பாராட்டு.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். நுழைவுக்கு 300 ரூபாய், அதில் ஒரு டீயும் ஒரு தட்டு வர்க்கியும் அடக்கம். வர்க்கி கீழே பேக்கரியில் விறகடுப்பில் சுட்டது, அடுக்கடுக்காக உதிர்கிறது, டீயில் முக்கினால் மூன்று எண்ணுவதற்குள் வாயில் போட வேண்டும். கேரட் கேக் ஈரப்பதமாக, தித்திப்புக் குறைவாக இருக்கிறது. நான் தேயிலை ஏலம் சார்ந்த அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள், டீ விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆர்த்தடாக்ஸ் டீ (இலையைத் தூளாக்காமல் சுருட்டிச் செய்வது) அருமை, நல்ல நிறம், பாலில்லாமல் குடித்தால் நீலகிரிக்கே உரிய மணம் மூக்கில் ஏறுகிறது. கிரீன் டீயை மட்டும் கொதிக்கிற தண்ணீரில் போட்டுக் கசக்க வைத்துவிடுகிறார்கள், தண்ணீரைக் கொஞ்சம் ஆறவிட்டால் போதும். சாண்ட்விச் சுமார்.

குறைகள் இன்னும் சில. மாடிப்படி செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான். முட்டிவலி உள்ளவர்கள் துணையோடு போங்கள். ஏப்ரல், மே மாதங்களில் கூட்டம் நெரிகிறது, பாட்டு ஓடும்போதே செல்போனைத் தூக்கிப் பிடிக்கிறவர்களை யாரும் கேட்பதில்லை. ஜூன் பிறந்து மழை பிடித்துவிட்டால் இடம் தாராளமாகக் கிடைக்கும். முன்னுரை எல்லாம் ஆங்கிலத்தில் தொடங்கிப் பிறகுதான் தமிழுக்கு வருகிறது. கேட்கிறவர்களில் பாதிப்பேர் வண்டிச்சோலையிலிருந்தும் அருவங்காட்டிலிருந்தும் வந்த நம்மாட்கள், தமிழிலேயே தொடங்கலாம். அன்றைக்குப் போடும் பாட்டுகளை ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்தால் வீட்டுக்குப் போய்த் தேடிக் கேட்க உதவும்.

ஒன்பது மணிக்கு முடித்துவிடுகிறார்கள். கடைசி பஸ்ஸை நம்பி வருகிறவர்கள் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், அந்த ரோட்டில் அதற்கு மேல் ஆட்டோ கிடைப்பது சிரமம். மாதத்தின் கடைசி சனிக்கிழமை, வந்தவர்கள் கேட்கிற பாட்டைப் போடுவார்கள், கீழே பேக்கரிக் கல்லாவில் ஒரு நோட்டு இருக்கும், அதில் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். நான் கிட்டி வெல்ஸை எழுதிவிட்டு வந்திருக்கிறேன். 'ஹவுண்ட் டாக்' எழுதுகிறவர்கள் பக்கத்திலேயே தார்ன்டன் என்றும் சேர்த்து எழுதுங்கள், பெயர் இல்லாவிட்டால் எல்விஸ் தட்டைத்தான் போடுவார்கள்.